குருத்தோலை திரும்பி வரவேண்டும்

டெல்டாவில் கிறிஸ்தவச் சடங்கு என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு வேளாங்கண்ணிதான் நினைவுக்கு வரும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா, நடுவில் நாகப்பட்டினம் சாலை முழுக்கக் காவி கட்டி நடக்கிற சனம். அதைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறது. எனக்கு எழுதத் தோன்றுவது, வீட்டுக்குள்ளே பாடுபட்ட சுரூபத்துக்கு, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசு உருவத்துக்கு, பின்னால் செருகி, தூசி படிந்து, பழுப்பேறிக் கிடக்கிற ஓலைத் துண்டைப் பற்றி.

அதற்கு ஒரு ஆயுள் கணக்கு உண்டு. 2026-இல் ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு மார்ச் 29. அன்று மந்திரித்த, அதாவது செபம் சொல்லிப் புனிதப்படுத்திய, ஓலைக்குக் கடைசி வேலை 2027 பிப்ரவரி 10, நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன். நடுவில் 318 நாள். மரத்தில் தொடங்கி, கோயில் வழியாக வீட்டுக்கு வந்து, மறுபடி கோயிலுக்குப் போய், எரிந்து, நெற்றிக்கு வருகிறது. மற்ற சடங்குகளில் நாம் போய் நின்றுவிட்டு வந்தால் போதும். இதில் நாம் கொண்டுவந்து கொடுத்தால்தான் அடுத்த சடங்கே நடக்கும். அந்தக் கண்ணிதான் இப்போது பல பங்குகளில் (ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரங்களில்) அறுந்துகொண்டிருக்கிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

இயேசு எருசலேமுக்குள் வந்ததை நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. ஆனால் ஓலையைப் பேர் சொல்லிக் குறிப்பிடுவது யோவான் மட்டும்தான், 12-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனம். மத்தேயுவில் மரக்கிளைகள், மாற்கில் இலைதழைகள், லூக்காவில் விரித்த துணி மட்டும். யோவான் சொல்வது பேரீச்சை ஓலை. தமிழில் அது 'குருத்தோலை' ஆனது. அந்த ஒரு சொல்லால் நம் ஊர்த் தென்னை எருசலேம் தெருவுக்குள் போய்விட்டது. எருசலேமில் மக்கள் ஓலை பிடித்து ஒலிவ மலையிலிருந்து பவனி வந்ததை எகேரியா என்ற பெண் திருப்பயணி 4-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு மாதாக் கோயிலிலிருந்து நாலு தெரு சுற்றி வருகிற பவனிக்கு அவ்வளவு வயசு.

குருத்து வெட்டுவதில்தான் முதல் தப்பு நடக்கிறது. நல்ல பராமரிப்பில் உள்ள தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை வீதம் வருஷத்துக்குப் பன்னிரண்டு மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. ஆகவே ஒரு குருத்தை வெட்டினால் பின்னாளில் ஒரு குலைக்குக் கேடு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே மரத்தில் இரண்டு குருத்து எடுக்காதீர்கள். போன வருஷம் எடுத்த மரத்தை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். அடியோடு இழுத்து வெட்டுவது அதைவிட மோசம். தென்னைக்கு வளர்கிற முனை ஒன்றே ஒன்று, அது கெட்டால் மரம் போச்சு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற குருத்தின் மேல்பாகத்தை மட்டும் வெட்டி, அடிப்பகுதியை மரத்திலேயே விடவேண்டும். வெட்டுகிற அரிவாள் பக்கத்து மட்டைகளைக் கொத்தக் கூடாது. பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் எப்படிப் படுத்துக் கிடந்தன என்று பார்த்தவர்களுக்கு ஒரு மரத்தின் விலை தெரியும். 'கோயிலுக்குத்தானே' என்று யாருடைய தோப்பிலும் கேட்காமல் ஏறுவது புண்ணியத்தில் சேராது.

ஒரு மட்டையில் 200 முதல் 250 வரை ஓலை இருக்கும். நுனியிலும் அடியிலும் உள்ளவை குட்டை. கையில் பிடிக்கவும் சிலுவை மடக்கவும் ஆகிற நீளம் நடுவில் உள்ள 150-க்குத்தான் உண்டு. 500 பேர் வருகிற பங்குக்கு நாலு குருத்து, கழிவுக்கு இன்னொன்று என்று கணக்கு வையுங்கள். ஏறியவர் கீழே போட்டதும் சும்மா கட்டித் தூக்கிக்கொண்டு போகாமல் நடுவில் இரண்டு ஓலையைப் பிரித்துப் பாருங்கள். காண்டாமிருக வண்டு துளைத்த குருத்து வெளியிலிருந்து நன்றாகத்தான் தெரியும். பிரித்தால் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி வரிசையாக ஓட்டையும் முக்கோண வெட்டும் இருக்கும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதைக் கண்டுபிடித்துப் பிரயோசனம் இல்லை.

வெட்டுவது சனிக்கிழமை சாயந்திரம். பங்குனி வெயிலில் திறந்து கிடந்தால் ராத்திரிக்குள் ஓரம் சுருண்டுவிடும். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் சாய்த்து வைத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்துப் புழுங்கும். அந்த ஈரம்தான் பிறகு வீட்டில் கரும்புள்ளியாகப் பூசணம் பிடிக்கக் காரணம்.

இப்போது சிலுவை. குருத்தின் வெளிப்புற ஓலை பச்சையேறி விறைப்பாக இருக்கும், மடக்கினால் முறியும். உள்ளுக்குள்ளே இருப்பது வெண்மஞ்சளாக, வெண்ணெய் மாதிரி. அது இழுத்தால் கிழியும். இரண்டுக்கும் நடுவில் இளமஞ்சளாக உள்ளதை எடுங்கள். வெட்டி ஓர் இரவு ஆனது நல்லது, கொஞ்சம் துவண்டிருக்கும்.

ஈர்க்கை முதலில் உரித்து எடுக்கவேண்டும். அடியில் நகத்தால் கீறி, ஈர்க்கை ஒரு கையிலும் ஓலையை ஒரு கையிலும் பிடித்து, மெதுவாக நுனிவரை இழுத்தால் இரண்டு நாடா கிடைக்கும். ஒரு நாடா முக்கால் அங்குல அகலம், இரண்டடி நீளம் இருந்தால் ஒரு சிலுவைக்குச் சரி. அகலம் கூடினால் சிலுவை தடித்துக் கோணும். குறைந்தால் முடிச்சுக்குப் பிடிமானம் இருக்காது.

நாடாவின் அகலமான முனை கீழே, கூர்முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். கீழிருந்து ஐந்தாறு அங்குலத்தில், கூர்முனை உங்களைப் பார்த்து இறங்கும்படி மடக்குங்கள். அந்த மடிப்புதான் சிலுவையின் உச்சி. மடிப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே வந்த இடத்தில், இறங்குகிற நாடாவை வலப்பக்கமாக நேர்கோணத்தில் திருப்புங்கள். ஒன்றரை அங்குலம் போனதும் அதைப் பின்புறமாக மடக்கி இடப்பக்கம் கொண்டுவந்தால் வலக்கை ஆச்சு. இடப்பக்கமும் அதே ஒன்றரை அங்குலம் விட்டு முன்னால் மடக்கினால் இடக்கை. இனி மிச்ச வாலைக் கொண்டு நடுவைக் கட்டவேண்டும். நடுவிலிருந்து மேல் வலப்பக்கமாக ஏற்றி, பின்னால் கொண்டுபோய், கீழ் இடப்பக்கம் முன்னுக்கு எடுத்து மறுபடி மேலேற்றினால் ஒரு சாய்கோடு. அதே மாதிரி எதிர்ச்சாய்வில் ஒரு சுற்று சுற்றினால் நடுவில் பெருக்கல் குறி விழும். வால் மிச்சத்தைப் பின்பக்கத்துக் குறுக்கு மடிப்புக்குள் செருகி இழுத்தால் நிற்கும்.

முதல் ஐந்து சிலுவை கெடும். காரணம் அநேகமாக ஒன்றுதான். மடிப்பை விரலால் உருட்டி விடுகிறோம். உருண்ட மடிப்பு விரிந்துகொள்ளும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்துக் கோடு விழச் செய்யவேண்டும். அப்படியும் இரண்டு நாளில் ஓலை காய்ந்து ஒடுங்கும்போது முடிச்சு தளரும். புதன்கிழமை வாக்கில் எடுத்து வாலை இன்னொரு தரம் இழுத்துவிட்டால் வருஷம் முழுக்க அசையாது. இதைச் செய்யாமல் ஸ்டேப்ளர் அடிப்பவர்களைப் பற்றிக் கீழே வருகிறேன்.

குருத்தோலை ஞாயிறன்று பூசை கோயிலுக்கு வெளியே தொடங்கும். பங்குசாமி சிவப்பு உடையில் வருவார், செபம் சொல்லி ஓலைகள்மேல் தீர்த்தம் தெளிப்பார், நற்செய்தி வாசிப்பார், பவனி. 'ஓசன்னா' பாட்டு கோயில் வாசலோடு முடியும். உள்ளே போய் உட்கார்ந்தால் வாசிக்கப்படுவது பாடுகளின் வரலாறு, அதாவது இயேசு பிடிபட்டுச் சிலுவையில் சாகிற பகுதி, மூன்று குரலில், நெடுநேரம். கால் மணி நேரத்துக்கு முன்னால் அரசராக வரவேற்றவரை அதே கூட்டம் சிலுவைக்கு அனுப்புகிறது. வேற்று நாட்டாருக்கு இந்தத் திருப்பம் திடுக்கென்று இருக்கலாம். நமக்குக் குருத்தோலையை இரண்டு இடத்திலும் பார்த்துப் பழக்கம். கல்யாணப் பந்தலிலும் தொங்குவது அதே ஓலை, பாடை கட்டினாலும் அதே ஓலை. மங்கலத்துக்கு ஒரு கட்டு, அமங்கலத்துக்கு ஒரு கட்டு என்று தோரணம் பின்னுகிறவர் கை தனித்தனியாக வைத்திருக்கும். குருத்தோலை ஞாயிறின் இறையியலைப் பிரசங்கத்தில் விளக்குவதற்கு முன்னாலேயே ஓலை விளக்கிவிடுகிறது.

பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது பிள்ளைகள் தலையைக் குனிந்து சிலுவை மடக்கிக்கொண்டிருப்பார்கள். கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் முறைப்பார். எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. காதில் விழுவது சிலுவை, கையில் உருவாவதும் சிலுவை. வாளாக்கிப் பக்கத்து பெஞ்சுப் பையனைக் குத்தினால் மட்டும் பிடுங்கி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதை எங்கே வைப்பது? பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால், வாசல் நிலைக்கு மேலே, பத்தாயத்தில், டிராக்டரின் கண்ணாடிக்குக் கீழே, ஆட்டோவின் முன்பக்கம். வைக்கிற இடத்தைப் பற்றிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் மூன்று இடம் வேண்டாம். ஒன்று, மெழுகுவத்திக்கும் விளக்குக்கும் மேலே. ஆறு மாதம் காய்ந்த ஓலை பொறி பட்டாலே பற்றும். இரண்டு, மழைக்காலத்தில் ஊறுகிற சுவர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூசணம் பிடித்த ஓலையை எரித்தால் புகைதான் மிஞ்சும். மூன்று, வேதாகமத்தின் நடுப்பக்கம். பச்சையாக வைத்தால் பழுப்புக் கறை இரண்டு பக்கம் தள்ளி ஊறியிருக்கும். இந்த மூன்றாவது பழக்கம் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் வீடுகளில் அதிகம். சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய ஊர், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் ஆராதனையோடு நிற்கிற ஊர். அங்கேயும் குருத்தோலைப் பவனி உண்டு, லெந்து காலம் எனும் தவக்காலம் உண்டு. சாம்பல் பூசுவது எல்லா ஆலயத்திலும் கிடையாது. அதனால் ஓலைக்குத் திரும்பிப் போகிற வழி இல்லாமல் வேதாகமத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதுவும் ஒரு தங்கல்தான், புதிய ஏற்பாட்டுப் பக்கம் கிழியாதவரை.

'மந்திரித்ததைத் திருப்பிக் கொடுக்கலாமா? வீட்டு ஆசீர்வாதம் போய்விடாதா?' இது ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிற கேள்வி. போகாது. சாம்பலை முந்தின வருஷம் மந்திரித்த ஓலையிலிருந்து எடுக்கவேண்டும் என்பது திருப்பலி நூலிலேயே இருக்கிற குறிப்பு. கொடுக்காமல் வைத்துக்கொண்டே போனால் சுரூபத்துக்குப் பின்னால் பத்து வருஷத்து ஓலை அடைந்து, கரப்பானுக்கு வீடாகும். பிறகு பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது யாரோ ஒருவர் ஒட்டடையோடு சேர்த்து வாரிக் குப்பையில் போடுவார். மந்திரித்த பொருளுக்கு நாம் செய்கிற மரியாதைக் குறைவு அநேகமாக இப்படித்தான் நடக்கிறது. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. கோயிலுக்குக் கொண்டுபோக முடியாதவர்கள் வீட்டுத் தோட்டத்திலேயே எரித்து மண்ணில் புதைக்கலாம், தப்பில்லை.

கோயிலில் ஓலை சேர்க்கிற கூடையைச் சாம்பல் புதனுக்கு மூன்று ஞாயிறு முன்பே வைக்கவேண்டும். முதல் ஞாயிறு அறிவிப்பு காதில் விழும், இரண்டாம் ஞாயிறு மறந்து வருவார்கள், மூன்றாம் ஞாயிறுதான் கூடை நிரம்பும். ஒரே ஒரு ஞாயிறு அறிவித்துவிட்டு 'சனங்களுக்கு அக்கறை இல்லை' என்பது நியாயமில்லை. வர இயலாத வயசானவர்கள் வீட்டு ஓலையை அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற கூட்டம்) வாங்கி வரச் சொல்லலாம்.

கூடையை அப்படியே கொளுத்தக் கூடாது. கொட்டிப் பொறுக்கவேண்டும். ஸ்டேப்ளர் பின், வண்ண ரிப்பன், மினுமினுப்புத் தாள், நூல், பெயின்ட் அடித்த சிலுவை எல்லாம் தனி. பின் சாம்பலில் தங்கினால் சாமியார் கட்டைவிரலிலோ குழந்தை நெற்றியிலோ கீறும். பெயின்டும் பிளாஸ்டிக்கும் எரிந்த சாம்பல் தோலுக்கு ஆகாது. இந்தப் பொறுக்குகிற வேலைக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். மடக்கத் தெரிந்தால் பின் எதற்கு?

சாம்பல் புதன் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் நடுவில் எங்கேயாவதுதான் விழும். தை கடைசி, இல்லையென்றால் மாசி. சம்பா அறுத்துக் கட்டி, மேட்டூர் மூடி, வாய்க்கால் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிற நேரம். ராத்திரியில் பனி இறங்கும். அந்தப் பனிதான் சாம்பலுக்கு எதிரி. அதனால் செவ்வாய் சாயந்திரம் எரிக்காமல் திங்களே எரித்துவிடுவது நல்லது. ஆற ஓர் இரவு, சலிக்க ஒரு பகல்.

பழைய இரும்புச் சட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் தரையில் வைக்காமல் மண்ணில் வையுங்கள், சூட்டில் தரை வெடிக்கும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், வாடை சாம்பலை விட்டுப் போகாது, தோலும் எரியும். மெழுகுவத்தித் துண்டும் வேண்டாம். மெழுகு உருகி ஓலையில் இறங்கி, சாம்பல் கட்டிகட்டியாக நிற்கும், எந்தச் சல்லடைக்கும் இறங்காது. நன்றாகக் காய்ந்த ஓலைக்குத் தீக்குச்சியே போதும். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக்கொண்டே வரவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் அடியில் வேகாத ஓலை மிஞ்சும், மேலே எரிந்தது காற்றில் பறந்து அக்கம்பக்கத்து வேட்டி, புடவைமேல் விழும்.

நிறம் எப்படி வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். திறந்த சட்டியில் முழுக்க எரிந்தால் வெளிர்சாம்பல் நிறம், கிட்டத்தட்டத் திருநீறு மாதிரி. தீ நன்றாகப் பிடித்ததும் தகர மூடி போட்டு மூடிவிட்டால் காற்றில்லாமல் கரியாகும், கறுப்பு நிறம். நம் ஆட்கள் நெற்றிக்கு இரண்டுமே தெரியும். கறுப்பு நன்றாக ஒட்டும், வெளிர் சீக்கிரம் உதிரும். நான் பாதிப்பாதி கலப்பதையே சொல்வேன். காரணம் நிறம் மட்டுமில்லை. முழுக்க எரிந்த சாம்பலில் காரம் அதிகம். அந்தக் காலத்தில் துணி வெளுக்கச் சாம்பல் கரைத்த நீரைப் பயன்படுத்தினார்களே, அதே காரம். தண்ணீர் விட்டுக் குழைத்து நெற்றியில் பூசி வெயிலில் நின்றால் தோல் சிவந்து எரியும், சிலருக்குக் கொப்புளமே வரும். புனிதப்படுத்தும்போது சாமியார் தீர்த்தம் தெளிப்பார். தெளிக்கவேண்டும், ஊற்றக் கூடாது. பக்தி மிகுந்து தட்டு நிறையத் தீர்த்தம் விட்டுவிட்டால் அந்தத் தட்டை ஒதுக்கிவிட்டு உலர்ந்த தட்டை நீட்டுவதுதான் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையின் சாமர்த்தியம். அதனால்தான் இரண்டு தட்டில் பிரித்து வைப்பது.

சலிப்பதைப் பற்றி. ஆறின சாம்பலைக் கையால் தொட்டால் பட்டு மாதிரி இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. ஓலை நரம்பு கரியாகி ஊசி ஊசியாக நிற்கும், உரிக்காமல் விட்ட ஈர்க்கு இருந்தால் இன்னும் மோசம். சின்ன உரலில் போட்டு, இடிக்காமல், குழவியைச் சுழற்றி நசுக்கவேண்டும். இடித்தால் பாதி மூக்குக்குள் போகும். பிறகு மாவுச் சல்லடையில் ஒரு தரம், பழைய வேட்டித் துணியைக் கிண்ணத்தின் வாயில் கட்டி அதில் இன்னொரு தரம். துணிமேல் விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் கீழே இறங்குவது மை மாதிரி இருக்கும். மேலே நிற்கிற சொரசொரப்பை எடுத்து இன்னொரு தரம் நசுக்கலாம். மூன்றாம் தரம் வேண்டாம், அது மண்ணுக்குப் போகட்டும். காற்று புகாத டப்பாவில் போட்டு மூடி வைத்தால் பனி எட்டாது.

அளவு கேட்பார்கள். காய்ந்த ஓலையின் எடையில் பத்தில் ஒரு பங்குகூடச் சாம்பல் தேறாது. ஒரு கிலோ காய்ந்த ஓலையில் சலித்த பிறகு அரை டம்ளர் வந்தால் நல்ல வரவு. 500 நெற்றிக்கு அது தாராளம். மூட்டை மூட்டையாக எரிக்கத் தேவையில்லை. அதிகமாகச் சேர்ந்த ஓலையை எரித்துக் கோயில் தோட்டத்தில் போட்டுவிடலாம்.

இவ்வளவு வேலை எதற்கு, கடையில் பொட்டலம் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது. மெல்லிசாக, சீராக, கட்டி இல்லாமல் இருக்கும். அவசரத்துக்கு அதை வாங்குகிற பங்குகளைக் குறை சொல்லவில்லை. எனக்கு அதில் உறுத்துவது ஒன்றுதான். பொட்டலம் வந்ததும் கூடை வைப்பது நின்றுவிடுகிறது. கூடை நின்றால், வீட்டிலிருந்து ஓலை வருவது நிற்கிறது. சுரூபத்துக்குப் பின்னால் பத்து மாதம் அந்தக் குடும்பத்தின் சண்டை, சமாதானம், சாவு, பரீட்சை, கடன் எல்லாம் பார்த்த ஓலை அது. அது எரிந்து வருகிற சாம்பல் நெற்றியில் ஏறும்போது 'மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்' என்று கேட்பதற்கும், யார் வீட்டு ஓலை என்றே தெரியாத பொடி ஏறும்போது கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. இறையியல்படி இல்லை என்று சாமியார் சொல்வார். சரி, இருக்கட்டும்.

பூசும்போது கவனிக்கவேண்டியது கொஞ்சம்தான். சாம்பல் மிக உலர்ந்திருந்தால் மூக்கிலும் இமையிலும் உதிரும். ஒரு தட்டுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் பிசறினால் ஒட்டும். தேங்காயெண்ணெயே போதும். பொட்டு வைத்தவர்களுக்கு அதற்கு மேலே இடுவது வழக்கம். வரிசையில் நின்று பொட்டை அழிக்கச் சொல்லி அதட்டத் தேவையில்லை. தலையில் தூவுவதும் முறைதான். 2021-இல் தொற்றுக் காலத்தில் உரோமையிலிருந்தே குறிப்பு வந்தது: வாசகத்தைப் பொதுவாக ஒரே தரம் சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் தலையிலும் பேசாமல் தூவும்படி. சில பங்குகள் அதையே தொடர்ந்து வைத்துக்கொண்டன. பூசி முடித்த கைக்கு எலுமிச்சைத் துண்டும் சோப்பும் ஒரு பாத்திரத் தண்ணீரும் தயாராக இருக்கட்டும். அந்தத் தண்ணீரைச் செடிக்குக் கொட்டுங்கள், சாக்கடைக்கு வேண்டாம்.

இனி வீட்டுக் கதை. சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் ஒருசந்தி, அதாவது ஒருபொழுது நோன்பு. திருச்சபைச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் முதல் 59 நிறையும்வரை ஒரு வேளை முழுச் சாப்பாடு. 14 வயது முடிந்தவர்களுக்கு இறைச்சி கிடையாது. மீனைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் சுத்தபோசனம் என்றால் மீன், முட்டை, கருவாடு எதுவும் கிடையாது. கவுச்சி பட்ட சட்டியைக்கூட அன்றைக்கு அடுப்பில் ஏற்றாத வீடுகள் உண்டு. உரோமாபுரியைவிடக் கடுமையாக இருப்பது கும்பகோணத்துச் சமையற்கட்டு. இதை அறியாமை என்று சொல்கிற படித்த கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். நெய்தலும் மருதமும் சேர்கிற ஊரில் கருவாட்டை விடுவதுதான் ஒறுத்தல். ஆட்டுக்கறியை விடுவது பாதிப் பேருக்கு வழக்கமான புதன்கிழமை.

நெற்றியைத் துடைக்கலாமா என்பது கடைசிச் சந்தேகம். அன்றைய நற்செய்தி மத்தேயு 6-ஆம் அதிகாரம், நோன்பு இருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள், பிறர் பார்க்க வேண்டாம் என்பது. அதை வாசித்து முடித்த கையோடு முகத்தில் சாம்பல் பூசி அனுப்புகிறது திருச்சபை. இந்த முரண்பாட்டைக் கண்டு சிரித்தவர்களும் உண்டு, தீர்த்துவைக்கிறேன் என்று புத்தகமாகப் பேசினவர்களும் உண்டு. துடைக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, வைத்திருக்கவேண்டும் என்றும் இல்லை. காலைப் பூசை முடிந்து பேருந்தில் ஏறினால் பக்கத்தில் மூன்று பட்டை திருநீறோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருடையது பசுஞ்சாணம் சுட்டது, தினமும். நம்முடையது ஓலை சுட்டது, வருஷத்துக்கு ஒரு நாள். பழைய ஆட்கள் இந்த நாளை விபூதிப் புதன் என்றே சொன்னார்கள். 'என்ன, இன்னைக்கு நீங்களுமா?' என்று அவர் கேட்டால் பதில் சொல்ல இரண்டு நிறுத்தம் போதும். எரிச்சலோ அரிப்போ தோன்றினால் மட்டும் யோசிக்காமல் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

மிஞ்சின சாம்பலை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கவேண்டாம். ஆடியிலும் கார்த்திகையிலும் ஈரம் குடித்துக் கல்லாகிவிடும், அடுத்த வருஷம் அதை உடைத்துச் சலிப்பது புதிதாக எரிப்பதைவிடப் பெரிய வேலை. பீடத்துக்குப் பின்னால் தென்னை இருந்தால் அதன் தூரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கொத்திவிட்டுப் போட்டு, மண்ணை மூடி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். துணியை மட்டும் எடுத்து வையுங்கள், நைந்த வேட்டித் துணி தேடும்போது கிடைக்காது.